அறிவித்தல் இலக்கம் பதினேழு

வாக்குமூலம் கொடுப்பவர்: யாகோப்பு கனிசியஸ்
வயது: 47
தொழில்: முன்னர் ஐஸ் கொம்பனியில் எஞ்சின் ஒப்பறேற்றர். தற்போது ஒன்றுமில்லை
நிரந்தர விலாசம்: கடற்கரை வீதி, குருநகர்
தற்காலிக விலாசம்: சீவரத்தினம் என்பவரின் வீட்டு முன்னறை, மருதனார்மடம்
திகதி: 14.10.1993, காலை 9.40

நான் மேற்படி தற்காலிக விலாசத்தில் என் மனைவி கத்தரீனா, மகள் ஸ்ரெல்லா ஆகியோருடன் வசித்து வருகிறேன். 1990ஆம் ஆண்டு கோட்டைச் சண்டை நேரம் நாங்கள் மூன்று பேரும் ஒரு சைக்கிளும் ஒரு தையல் மெசினுமாகக் குருநகரிலிருந்து வெளிக்கிட்டு, ஒரு கிழமையில் திரும்பலாம் என்று கதவைப் பூட்டாமல் சும்மா சாத்திவிட்டு வந்தோம். சீவரத்தினம் அண்ணை எங்களுக்கு உறவுமில்லை, எங்கள் சமயமுமில்லை. முன்னறையைத் தந்தார். மீன் மட்டும் வீட்டுக்குள் காய்ச்ச வேண்டாம் என்றார். இப்போது மீன் கிடைப்பதில்லை என்பதால் அந்த ஒப்பந்தம் நல்லபடி நடக்கிறது.

நான் எட்டாம் வகுப்பு வரை படித்தேன். எட்டாம் வகுப்பை இரண்டு தரம் படித்தபடியால் ஒன்பது வருடம் படித்த மாப்பிள்ளை என்று சொல்லித்தான் கத்தரீனாவைக் கட்டினேன். இது வழக்குக்குத் தேவையில்லை என்று இந்த வாக்குமூலத்தை எழுதுகிற தம்பி சொன்னார். கதை எழுதுகிற அளவுக்கு உமக்குப் படிப்பிருக்கோ என்று முதல் நாளே அவர்தான் கேட்டார், அதற்குத்தான் சொன்னேன்.

என் மேல் உள்ள குற்றச்சாட்டு, அதிகாரம் இல்லாமல் பொது அறிவித்தல் விடுத்ததும், அதிகாரம் இல்லாமல் பொதுமக்களைப் பதிவு செய்ததும் என்று எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. நடந்ததை நடந்த ஒழுங்கில் சொல்கிறேன்.

எங்கள் ஒழுங்கைக்கு அருகில் உள்ள வாசிகசாலையில் ஒரு கையெழுத்துப் பத்திரிகை நடக்கிறது. அதை நடத்துபவர் பென்சன் எடுத்த தபாலதிபர் பொன்னம்பலம் அவர்கள். அச்சடிக்கத் தாள் இல்லாததால் அப்பியாசக் கொப்பித் தாளில் கையால் எழுதி, ஒரேயொரு பிரதி, அதையும் பக்கம் பக்கமாக வாசிகசாலை வெளிச்சுவரில் ஒட்டிவிடுவார். வாறவர்கள் நின்று வாசித்துவிட்டுப் போவார்கள். புரட்டாதி மாதம் நாலு பக்கம் எழுத ஆளில்லை என்று என்னிடம் குறைப்பட்டார். நான் வாய் கொழுப்பில், "நாலு பக்கம் என்ன பெரிய காரியமோ மாஸ்ரர்?" என்று சொல்லிவிட்டேன். "அப்ப எழுதும்" என்றார். அப்படித்தான் மாட்டினேன்.

அதன் பிறகு வீட்டுக்குப் போய் என்ன எழுதுவதென்று மகளிடம் கேட்டேன். ஸ்ரெல்லாவுக்குப் பத்தொன்பது வயது, வாசிக்கிற பிள்ளை. வெளிநாட்டில் ஒருவகைக் கதை இருக்கிறதாம். வரப்போகிற காலம் எவ்வளவு கெட்டதாக இருக்கும் என்று முன்கூட்டியே எழுதுவார்களாம். எல்லாவற்றுக்கும் அனுமதி, எல்லாவற்றுக்கும் அட்டை, சிரிக்க அனுமதி எடுக்கவும் ஒரு கந்தோர். அதை வாசித்து ஆட்கள் பயப்படுவார்களாம்.

"பயப்பிடுறதுக்குப் புத்தகம் வாங்கிறாங்களோ?" என்று கேட்டேன்.

"ஓம் அப்பா. அங்கை பயம் குறைவு."

அது எனக்குப் பிடித்துப்போய், "கி.பி. 2043" என்று தலைப்புப் போட்டு அன்றைக்கே தொடங்கினேன். தலைப்புக்குக் கீழே "இதில் வரும் யாவும் கற்பனையே" என்றும் எழுதினேன். கதைப் புத்தகங்களில் அப்படிப் போடுவார்கள் என்பதால் போட்டேனே தவிர வேறு நோக்கமில்லை.

கதையில் 2043ஆம் ஆண்டு ஒரு தகப்பனும் மகளும் வருகிறார்கள். ஒரு சவர்க்காரக் கட்டியை நூல் போட்டு எட்டாக அறுத்து ஆளுக்கொரு துண்டு எடுக்கிறார்கள். செய்தி கேட்பதற்குச் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, தகப்பன் பெடலைச் சுற்ற டைனமோவில் றேடியோ பாடுகிறது. தகப்பன் களைத்தால் செய்தி வாசிப்பவரும் களைக்கிறார். ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்து, தேக்கரண்டியளவு மண்ணெண்ணெய் விட்டு, அந்த வெளிச்சத்தில் பிள்ளை படிக்கிறாள். இதில் எதையும் நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. வருடத்தை மட்டும் ஐம்பது கூட்டிப் போட்டேன். எனக்கு வந்த ஒரேயொரு சொந்தக் கற்பனை, கடலைப் பார்ப்பதற்கு அட்டை. ஞாயிற்றுக்கிழமைகளில் கால் மணித்தியாலம் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கடலைப் பார்க்கலாம், குருநகர்க்காரருக்கு முன்னுரிமை. மூன்று வருடம் கடற்காற்றுப் படாத ஆள் எழுதினது, அவ்வளவுதான்.

மூன்றாம் பக்கத்தில் அந்தத் தகப்பன் மகளுக்குப் பழைய காலத்தைச் சொல்கிறான். நாலாம் பக்கம் முழுவதும் ஒரு அறிவித்தல். அதுதான் இந்த அறிவித்தல் இலக்கம் பதினேழு. பதினேழு என்ற இலக்கம் ஏன் என்று கேட்கப்பட்டது. ஒன்று என்று போட்டால் ஒருவரும் மதிக்கமாட்டார்கள் என்று நினைத்தேன். அதன் வாசகம் பின்வருமாறு:

"நாற்பது வயதுக்கு மேற்பட்ட சகலரும், முன்னர் இருந்து தற்போது இல்லாதவற்றில் எவையெவை தமக்கு ஞாபகத்தில் உள்ளன என்பதை எதிர்வரும் திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு வாசிகசாலையில் பதிந்துகொள்ளல் வேண்டும். குடும்ப அட்டை கொண்டுவரவும். பதியத் தவறுவோரின் ஞாபகங்களுக்குப் பொறுப்பேற்கப்படமாட்டாது."

கதையின்படி, பதிந்த ஞாபகங்களைத் திரும்பப் பேசக் கூடாது. ஒப்படைத்த கணக்கு. அதை ஐந்தாம் பக்கத்தில் எழுத இருந்தேன், தாள் முடிந்துவிட்டது. ஐஸ் கொம்பனியில் "இன்று ஐஸ் இல்லை", "லொறிகள் வரிசையில் நிற்கவும்" போன்ற பலகைகளை அடிமட்டம் வைத்து எழுதியவன் நான். அந்தப் பழக்கத்தில் இந்தப் பக்கத்தையும் கோடு போட்டு, கட்டை எழுத்தில், கரையில் பெட்டி கட்டி எழுதினேன். அது என் பிழை. என் சாதாரண கையெழுத்தில் எழுதியிருந்தால் ஒருவருக்கும் வாசிக்க முடிந்திராது, வழக்கும் வந்திராது.

01.10.1993 வெள்ளிக்கிழமை பின்னேரம் தபாலதிபர் அவற்றைச் சுவரில் ஒட்டினார். முதல் மூன்று பக்கத்தையும் கோதுமை மாப் பசை காய்ச்சி ஒட்டினார். நாலாம் பக்கத்துக்குப் பசை போதாமல் விளாம்பிசின் பூசி ஒட்டினார். சனிக்கிழமை, ஞாயிற்றுக்கிழமை நான் அந்தப் பக்கம் போகவில்லை. அந்த இரண்டு நாளுக்குள் சீவரத்தினம் அண்ணையின் மறியாடு கயிற்றை அறுத்துக்கொண்டு போய், கோதுமை மாப் பசைக்காக முதல் மூன்று பக்கத்தையும் தின்றுவிட்டது. தலைப்பும் போய்விட்டது, 2043உம் போய்விட்டது, யாவும் கற்பனையே என்ற வரியும் போய்விட்டது. விளாம்பிசின் ஆட்டுக்குப் பிடிக்காததால் அறிவித்தல் மட்டும் சுவரில் மிஞ்சியது.

இந்த இடத்தில் விசாரித்த தம்பி எழுதுவதை நிறுத்தி, "உதை நான் மேலை எப்பிடி அனுப்பிறது?" என்று கேட்டார். ஆட்டைக் கூட்டிவரட்டோ என்று கேட்டேன். வேண்டாம் என்றார்.

04.10.1993 திங்கட்கிழமை காலை எட்டரை மணிபோல் நான் மாவு தேடிச் சைக்கிளில் போகும்போது வாசிகசாலை முன்னால் நீண்ட வரிசை நிற்கக் கண்டேன். உடனே சைக்கிளை வேலியில் சாத்திவிட்டு நானும் வரிசையின் கடைசியில் நின்றேன். என்ன வரிசை என்று கேட்டுவிட்டு நிற்கிற பழக்கம் எங்களுக்கு இல்லாமல் போய் மூன்று வருடமாகிறது. முதலில் இடத்தைப் பிடிப்பது, பிறகு கேட்பது. எனக்கு முன்னால் நின்றவர் இரத்தினம்மா. கூப்பன் கடை வரிசைகளில் கண்ட பழக்கம்.

"அக்கா, என்ன குடுக்கினம்?"

"தெரியாது தம்பி. நாப்பது வயதுக்கு மேலையாம்."

"அப்ப மருந்தாக்கும்."

"மருந்தோ மாவோ, நீ குடும்பக் காட்டைக் கொண்டந்தனியோ?"

"அது சேட்டுப் பொக்கற்றுக்குள்ளைதான் எப்பவும்."

இப்படிக் கால் மணித்தியாலத்துக்கு மேல் நின்றேன். எனக்குப் பின்னாலும் ஆட்கள் சேர்ந்தார்கள். என்னைத் தாண்டி இடையில் புகுந்த ஒருவரோடு வாக்குவாதமும் பட்டேன். அதன் பிறகு முன்னுக்குப் போய் என்ன எழுதியிருக்கிறதென்று பார்த்தால், அது என் எழுத்து. நான் எழுதிய பொய்க்கு நானே காலை உணவில்லாமல் வரிசையில் நின்றிருக்கிறேன் என்பதை இந்தப் பணிமனை கவனத்தில் எடுக்கவேண்டும். குற்றம் செய்கிற எண்ணமுள்ளவன் தன் அறிவித்தலுக்குத் தானே வந்து நிற்கமாட்டான்.

அதன் பிறகு நான் வாசிகசாலைப் படியில் ஏறி, "இது அறிவித்தல் இல்லை, இது ஒரு கதை, நான்தான் எழுதினனான், எல்லாரும் வீட்டை போங்கோ" என்று சத்தமாகச் சொன்னேன். ஒருவரும் அசையவில்லை.

முன்னால் நின்ற செல்வநாயகி என்பவர், "கதையெண்டால் ஏன் குடும்பக் காட்டுக் கொண்டரச் சொன்னனீ?" என்று கேட்டார்.

"அது கதையிலை வாற ஆக்களுக்கு, அக்கா."

"நான் காலமை ஆறு மணியிலை இருந்து நிக்கிறன். பதியாமல் போகமாட்டன். பேந்து பதியேல்லை எண்டு கூப்பனை வெட்டிப்போட்டால் நீயோ வந்து பதில் சொல்லுவாய்?"

இன்னொருவர், "உவர் தன்ரை ஆக்களை முதல் பதியப் பாக்கிறார்" என்றார். வரிசை நெருங்கி வந்தது. அடிப்பார்கள் என்று நினைத்தேன். அதன் பிறகுதான் வாசிகசாலை மேசையை வெளியில் இழுத்துப் போட்டு, தபாலதிபரிடம் ஒரு பழைய கொப்பி வாங்கி, "சரி, ஒவ்வொருத்தரா வாங்கோ" என்று சொன்னேன். தபாலதிபர் வேண்டாம் என்று தடுத்தார். அவருக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை.

பதிவின்போது நான் ஒருவரையும் கேள்வி கேட்கவில்லை. அவர்கள் சொன்னதை எழுதினேன். ஐந்து நிமிடத்தில் முடியும் என்று நினைத்தது, மத்தியானம் தாண்டியது.

செல்வநாயகி தனக்கு ஞாபகமிருப்பது, கறண்டு போனால் ஊர் முழுக்க ஒரே நேரத்தில் "ஐயோ" என்று சொல்வதும், வந்தால் பிள்ளைகள் எல்லாம் ஒரே நேரத்தில் கூவுவதும் என்றார். இப்போது போகவும் இல்லை, வரவும் இல்லை, கூவவும் ஆளில்லை என்று சொன்னார். முதல் பாதியை மட்டும் எழுதினேன். புத்தூரில் வெங்காயம் செய்யும் பஞ்சலிங்கம் என்பவர், வெங்காயத்தோடு கொழும்புக்கு இரவு ரயிலில் போய், விற்றுப்போட்டு, அடுத்த நாள் இரவு அதே ரயிலில் வெறுஞ்சாக்கைத் தலைக்கு வைத்துப் படுத்து வந்ததைப் பதிந்தார். ஒருவரிடமும் ஒரு துண்டும் காட்டவில்லை, ரிக்கற்றைத் தவிர, என்று எழுதச் சொன்னார். ரிக்கற்றும் சிலவேளை இல்லை, அதை எழுதவேண்டாம் என்றார். இரத்தினம்மா, பக்கத்து வீட்டுக்காரியின் சவர்க்கார நுரைத் தண்ணி தன் வளவுக்குள் வருகிறதென்று பதினொரு வருடம் சண்டை பிடித்ததைப் பதிந்தார். "இப்ப நுரையுமில்லை, அவளுமில்லை. அவள் கனடா போட்டாள். அவளின்ரை வாயையும் சேத்து எழுது" என்றார். எழுதினேன். எண்பது வயதுள்ள ஒருவர், முன்பெல்லாம் கதவில் தட்டினால் முதலில் திறந்துவிட்டுப் பிறகுதான் ஆரென்று கேட்போம் என்றார். அவர் பெயர் சொல்ல மறுத்தார். வயதை மட்டும் போட்டேன்.

பராசக்தி என்ற தாயார் வந்து, பொருளைத்தான் பதியலாமோ, சத்தத்தையும் பதியலாமோ என்று கேட்டார். என்ன சத்தம் என்று கேட்டேன். மகன் விசிலடித்துக்கொண்டு ஒழுங்கையால் சைக்கிளில் வரும் சத்தம் என்றார். பதியலாம் என்று சொல்லி, இலக்கம் 31இல் பதிந்தேன். அவர் விரல் அடையாளம் வைக்கவேண்டுமோ என்று கேட்டார். தேவையில்லை என்றேன். வைத்துவிட்டுத்தான் போனார்.

பதிவு செய்தால் பதிந்த பொருள் கிடைக்கும் என்று நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. நாலைந்து பேர் தாங்களாகவே அப்படி நினைத்துக்கொண்டு ஐஸ்கிறீம் பதிந்தார்கள். அதற்கு நான் பொறுப்பில்லை.

எல்லாரும் போனபின் கொப்பியில் அறுபத்துமூன்று பேர் இருந்தார்கள். வயது நாற்பதுக்கு மேல் என்பதால் அறுபத்துநாலாவது ஆளாக நானும் என்னைப் பதிந்தேன். அந்தப் பதிவை இப்போது எனக்குக் காட்டினார்கள், என் எழுத்துத்தான். அதில் உள்ளதாவது: குருநகர் ஐஸ் கொம்பனியில் பின்னேரம் மூன்று மணிக்குப் பெரிய கதவு திறக்கும்போது குளிர் புகையாக வெளியே வரும். ஐஸ் கட்டி ஒன்று முந்நூறு இறாத்தல். கொளுக்கி போட்டு இழுக்கும்போது சீமெந்தில் கிறீச் என்று கேட்கும். உடைக்கும்போது சிதறுகிற துண்டுக்கு வீதிப் பிள்ளைகள் எல்லாம் வாசலில் நிற்கும். அறுக்குளா மீனும் பாரை மீனும் ஐசுக்குள் அடுக்கி நாலு மணிக்கு லொறி வெளிக்கிட்டால், விடிய முதல் கொழும்புச் சந்தை. 1979இல் ஐந்து வயது ஸ்ரெல்லாவை உள்ளே கூட்டிப்போய் ஒரு கட்டியின் மேல் அவளின் கையை வைக்க, கை அச்சு அப்படியே பதிந்தது. கட்டியைக் கொழும்பு லொறியில் ஏற்றி விட்டேன். "என்ரை கை எங்கை போகுது அப்பா?" என்று கேட்டாள். கொழும்புக்கு என்றேன். அழுதாள். அன்று கத்தரீனாவிடம் நல்ல பேச்சு வாங்கினேன்.

மறுநாள் 05.10.1993 காலை இந்தப் பணிமனையிலிருந்து இரண்டு பேர் சைக்கிளில் வந்து கொப்பியையும், சுவரில் இருந்த அறிவித்தலையும், வீட்டில் இருந்த கதையின் முதல் எழுத்துப்படியையும் எடுத்துக்கொண்டு, என்னையும் வரச் சொன்னார்கள். மரியாதையாகத்தான் நடத்தினார்கள். அன்றிலிருந்து ஞாயிறு தவிர ஒவ்வொரு நாளும் ஒன்பது மணிக்கு வந்து இந்த மர வாங்கில் இருக்கிறேன். வாங்கின் இடதுபக்கக் கால் ஆடும். நான் ஒரு சிரட்டைத் துண்டு வைத்துச் சரிசெய்தேன்.

நேற்று 13ஆம் திகதி, இதை எழுதுகிறவரும் இந்த விசாரணைக்குப் பொறுப்பானவருமான தம்பி கதையின் எழுத்துப்படியையும் ஒரு சிவப்புப் பென்சிலையும் என்னிடம் தந்தார். வயது இருபத்திரண்டு, இருபத்துமூன்று இருக்கும். கற்பனையானவற்றுக்குக் கீழே சிவப்புக் கோடு போடு, உண்மையானவற்றை அப்படியே விடு என்றார். நான் கடலைப் பார்க்கும் அட்டைக்குக் கீழே மட்டும் கோடு போட்டுக் கொடுத்தேன். அவர் அதை வாசித்துவிட்டு முகம் மாறி,

"இதை உமக்கு ஆர் சொன்னது?" என்று கேட்டார்.

"ஒருத்தரும் இல்லைத் தம்பி. சவர்க்காரம் இல்லாமல் குளிக்கேக்கை யோசிச்சது."

"கடற்கரைக்கு அட்டை குடுக்கிற விசயம் போன கிழமைதான் மேலை கதைச்சவை. இன்னும் வெளியிலை விடேல்லை."

நான் பயந்துபோய், சிவப்புக் கோட்டை அழிக்கட்டோ என்று கேட்டேன். அழிக்கவேண்டாம், இருக்கட்டும் என்றார். அதன் பிறகு பென்சிலை அவரே வாங்கி, மூன்றாம் பக்கத்தில் தகப்பன் பழைய காலத்தைச் சொல்லும் இடத்துக்கு வந்து, வரிவரியாகக் கோடு போடத் தொடங்கினார். இரவு ரயிலுக்குக் கோடு. இரண்டாம் ஆட்டம் படம் பார்த்துவிட்டுத் தோளில் பிள்ளை தூங்க, போஸ்ற் லைற் வெளிச்சத்தில் நடந்து வருவதற்குக் கோடு. ஐஸ் கட்டிக்கு இரண்டு கோடு.

"தம்பி, அதுகள்தான் உண்மை. மற்றது..."

"மற்றது எனக்குத் தெரியும், நானும் உந்தச் சவர்க்காரம்தான் போடுறன். ஐஸ் எண்டால், மனிசன் அளவு பெரிசோ?"

"மனிசனிலும் பாரம் கூட. முந்நூறு இறாத்தல்."

"அண்ணை, எங்கடை ஊரிலை கறண்டே வந்ததில்லை. நான் ஐசைக் கண்டது குச்சி ஐஸ்பழத்திலைதான். நீர் எட்டாம் வகுப்பு இரண்டு தரம் படிச்சதை இப்ப நம்பிறன்" என்றார்.

இருவரும் சிரித்தோம். அதன் பிறகு அவர் சிரிக்காமல் ஒரு விசயம் சொன்னார். என் மகள் ஸ்ரெல்லாவுக்குக் கண்டித் தாதியர் பயிற்சிக்கு இடம் கிடைத்து, நவம்பர் முதலாம் திகதி அங்கே நிற்கவேண்டும் என்று கடிதம் வந்திருக்கிறது. கடிதம் கப்பலில் வந்துசேர இரண்டு மாதம் எடுத்தது. குடாநாட்டை விட்டு வெளியே போக இயக்கம் கொடுக்கிற பாசுக்கு விண்ணப்பித்து மூன்று கிழமை. தகப்பன் மேல் விசாரணை இருக்கும்வரை பாஸ் கொடுக்க முடியாது. அந்த விண்ணப்பக் கோவை இதே மேசையில்தான், என் கோவைக்குக் கீழே கிடக்கிறது. தம்பி சொன்னதாவது, ஆட்டுக் கதையை மேலே விளங்குவார்கள், சிரிப்பார்கள். சனத்தைப் பழையதை நினைக்க வைத்ததைத்தான் மன்னிக்கமாட்டார்கள். நாளைக்கு வரும்போது, உங்கள் கதையும் பதிவும் எல்லாமே கற்பனை, எங்கேயும் எக்காலத்திலும் இருந்ததில்லை என்று விபரமாகச் சொல்லுங்கள், அன்றைக்கே விசாரணையை மூடிப் பாசை அனுப்புகிறேன் என்றார். அவர் என்னை வெருட்டவில்லை. உதவி செய்யத்தான் சொன்னார் என்று நான் நம்புகிறேன். இதை எழுதவேண்டாம் என்று இப்போது சொல்கிறார். எழுதினால்தான் மற்றது விளங்கும் என்று சொன்னதால் எழுதுகிறார்.

வீட்டுக்குப் போய் இதைச் சொன்னேன். கத்தரீனா தையல் மெசினை நிறுத்தாமல், "இல்லாத ஒண்டை எழுதத் தெரியாத மனிசன் கதை எழுத வெளிக்கிட்டுது. இப்ப இருந்ததை இல்லையெண்டு சொல்லவும் யோசினை" என்றாள். நான் சாப்பிடவில்லை. ஸ்ரெல்லா கிட்ட வந்து இருந்தாள்.

"அப்பா, சைன் வையுங்கோ."

"ஐசை இல்லையெண்டு எப்பிடியடி சொல்லுறது? இருபத்தொரு வருசம் அதுக்கை நிண்டனான். இடுப்பு நோ இன்னும் இருக்கு."

"நீங்கள் சொன்னாப்போலை அது இல்லாமல் போகுமே? நான் கிளாலியாலை வள்ளத்திலை போய், வவுனியாவிலை ரயில் ஏறிப் பாத்திட்டு எழுதிறன், உண்மையோ பொய்யோ எண்டு."

"கடிதம் இரண்டு மாதம் எடுக்கும்."

"எடுக்கட்டும். நீங்கள் எங்கையும் போகப் போறியளே?"

ஆகவே இன்று, ஒருவரின் வற்புறுத்தலும் இல்லாமல், பின்வருமாறு கூறுகிறேன். "கி.பி. 2043" என்ற கதையை எழுதியவன் நான் ஒருவனே. அதில் வரும் காலத்துக்கும் இப்போதைய காலத்துக்கும் தொடர்பில்லை. சவர்க்காரம், சைக்கிள் டைனமோ, ஜாம் போத்தல் விளக்கு என்பன என் கற்பனை. கடலைப் பார்க்கும் அட்டையும் என் கற்பனை. இரவு ஏறினால் விடியக் கொழும்பில் இறக்கிவிடும் ரயில் என்று ஒன்றை நான் கண்டதில்லை, அது என் கற்பனை. இரண்டாம் ஆட்டம் முடிந்து குடும்பத்தோடு நடந்து வருவதும், வழியில் ஒருவரும் மறித்துக் கேட்காததும் என் கற்பனை. முந்நூறு இறாத்தல் ஐஸ் கட்டி கற்பனை. அதில் பதிந்த கை, கற்பனை. கொப்பியில் இலக்கம் 64இல் நான் பதிந்தது முழுவதும் பொய் என்று ஒத்துக்கொள்கிறேன்.

இலக்கம் 1 தொடக்கம் 63 வரையும் கற்பனை என்று சொல்லும்படி தம்பி கேட்டார். அதை நான் சொல்லமாட்டேன். அவை என்னுடையவை அல்ல. நான் எழுதிக்கொடுத்த கை மட்டும்தான். பராசக்தியின் மகன் விசிலடிக்கவில்லை என்று சொல்ல நான் ஆர்? சம்பந்தப்பட்டவர்களையே கூப்பிட்டுக் கேட்கலாம். ஒரு அறிவித்தல் ஒட்டினால் போதும், எட்டு மணிக்கு முதல் வந்து நிற்பார்கள்.

தம்பி பேனையை மேசையில் வைத்தார். அதன் பிறகு, "சரி, அவையை விடுவம்" என்றார். கொப்பியைச் சான்றுப் பொருளாக இங்கேயே வைத்திருக்கப்போவதாகவும், திருப்பித் தரமுடியாது என்றும் சொன்னார். கவனமாக வைத்திருங்கள் என்று சொன்னேன்.

அதன் பின்னர் மகளின் பாஸ் எனக்குக் காட்டப்பட்டது. பெயர், வயது சரி. போகும் திகதி 25.10.1993. திரும்பும் திகதி என்ற இடத்தில் ஒன்றும் எழுதப்படவில்லை. வெளியே போகிறவருக்கு ஒருவர் பிணை நிற்கவேண்டும் என்றும், அவர் திரும்பி வரும்வரை பிணை நின்றவர் குடாநாட்டை விட்டு வெளியேற அனுமதியில்லை என்றும் வாசித்துக் காட்டப்பட்டது. பயிற்சி மூன்று வருடம். அதற்குப் பிறகு வேலை கிடைத்தால் அவள் அங்கேயே நிற்கட்டும். திரும்பி வரச்சொல்லி நான் எழுதமாட்டேன் என்பதையும் இதில் எழுதச் சொன்னேன். அது தேவையில்லை என்றார்கள். தேவை என்றேன்.

அந்தப் பிணையாளாக யாகோப்பு கனிசியஸ் ஆகிய நானே நிற்கச் சம்மதிக்கிறேன். எங்கும் போகிற எண்ணம் எனக்கில்லை. ரயில் இல்லை என்று இப்போதுதான் நானே சொல்லியிருக்கிறேன்.

இதுவரை நான் சொன்னது எல்லாம் எனக்கு உரத்து வாசித்துக் காட்டப்பட்டது. கற்பனை என்று சொல்லச் சொன்னவற்றைக் கற்பனை என்றும், மற்றவற்றை உண்மை என்றும் ஏற்று, சுயபுத்தியோடு கீழே கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) யா. கனிசியஸ்

என் முன்னிலையில் ஒப்பமிடப்பட்டது. பிற்பகல் 12.15. விசாரணை முடிவுறுத்தப்பட்டது. பாஸ் கையளிக்கப்பட்டது.